தடம் துடைக்கும் வண்டி

எரிமலைத் தீவின் கருஞ்சாம்பலில் செண்பகவல்லி நடந்தாள். பாதுகாக்கப்பட்ட அந்த மண்ணில் மனிதத் தடம் தங்கக் கூடாது என்பது சட்டம். அவளுடைய காலடிகளைத் துடைத்தபடி ஒரு குட்டி வண்டி பின்னாலேயே உருண்டு வந்தது.

"நாய்க்குட்டியாட்டம் வருதே!" என்றாள்.

வழிகாட்டி டெல்பின் சிரிக்கவில்லை. போன மாதம் இங்கே சுற்றிப் பார்க்க வந்த செண்பகவல்லியின் மகன், கந்தகப் புகையில் வழி தவறிப் போனான். தேடிப் போனவர்களுக்கு அவனுடைய ஒரு காலடிகூடக் கிடைக்கவில்லை.

"எந்தப் பக்கம் போனான்னாவது சொல்லு, கண்ணு."

"தெரியலையேம்மா. வண்டிதான் எல்லாத்தையும் துடைச்சிடுச்சே."

"அவன் பின்னாடியும் ஒண்ணு போச்சா?"

"போச்சும்மா. அதுவும் திரும்பி வரல."

செண்பகவல்லி குனிந்து வண்டியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்போ என் புள்ள தனியா இல்ல."

அவள் காலை எடுக்கட்டும் என்று வண்டி காத்து நின்றது.