இணைச்சீர்க் கூடை

"உங்க அம்மாளும் தம்பியும் உன்னய உள்ளங்கையில வெச்சுத் தாங்கறாங்க. உனக்குத்தான் வீம்பு!"

நவீன்குமார் இப்படிச் சத்தம் போட்டபோது, அவன் மனைவி சரிதா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இடது கை விரல்கள் சுவரில் ஒவ்வொன்றாக மேலே ஏறின. தோள் உயரம் வந்ததும் நின்றுவிட்டன. பல்லைக் கடித்தாள். இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"வீம்புதானுங்க. என்ற தம்பிக்கு நாந்தான் இணைச்சீர் எடுப்பேன்."

மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, கக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடிக்கும்போது மாசி மாதம் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் இடது தோள் இறுகிப் போனது. தலை சீவ முடியாது. ரவிக்கை போட ஆள் வேண்டும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது.

சித்திரையில் தம்பி சிவக்குமாருக்குப் பெண் அமைந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் சீர்க்கூடையைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அதுதான் இணைச்சீர். கட்டிக் கொடுத்துவிட்டாலும் இவள் இந்த வீட்டுப் பெண்தான் என்று ஊரறியச் சொல்கிற சீர்.

"உனக்கெதுக்கு சாமி கஷ்டம்? மேடையில கை வராம நீ துடிக்கறத நாம் பாக்கோணுமா? சித்தப்பன் மக ரஞ்சனி எடுக்கட்டும்" என்றாள் அம்மா ராமாயி.

நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனபோதும் தம்பி ஓடி வந்து வாங்கிக்கொண்டான். "கை வலிக்குமக்கா. நீ உக்காரு."

அன்றைக்கு ஒரு அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா, அந்த நோவு கண்ட பொண்ணு நல்ல காரியத்துல முன்னால நிக்கலாமா?"

ராமாயி சீறிவிட்டாள். "அந்தப் பேச்செல்லாம் எங்க ஊட்டுல வேண்டாமுங்க. அவளுக்குக் கைதான் தூக்க வரல. வந்தா அவதான் எடுப்பா."

சரிதாவுக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. கைதானே? அதை வர வைத்துவிட்டால்?

வாரம் இரண்டு நாள் சங்ககிரியில் பஸ் ஏறி, சேலம் அஸ்தம்பட்டிக்குப் போனாள். தோளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண்ணே மிரண்டாள்.

"எதுக்குக்கா இவ்ளோ அவசரம்?"

"ஆவணி பதினொண்ணு முகூர்த்தமுங்க, கண்ணு."

விவரம் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "சரி, எடுங்க. ஆனா கூடை காத்து மாதிரி லேசா இருக்கணும். கனம் ஏத்தினா கை வீங்கிப் போகும்."

கோலைப் பிடித்துத் தூக்குவது, கயிற்றை இழுப்பது, அப்புறம் சுவர். மறுபடியும் சுவர். சரிதாவுக்கு ரஞ்சனி மேல் பொறாமை என்று சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பட்டும் என்று விட்டாள். ஆனி கடைசியில் கை காது வரை வந்தது. ஆடிப் பெருக்கன்று தன் தலையைத் தானே சீவிப் பின்னிக்கொண்டாள். நவீன்குமார் கதவோரம் நின்று பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், இரண்டு முழம் மல்லிகையோடு திரும்பி வந்தான்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது சரிதா தாய்வீட்டுக்குப் போனாள். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவும் தம்பியும் சீர்ச் சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புது மூங்கில் கூடை.

நேராகப் போய் அதை எடுத்தாள்.

"ஐயோ, கை, சாமி!" என்று பதறினாள் அம்மா.

சரிதா இரண்டு கைகளாலும் கூடையை உயர்த்தித் தலையில் வைத்தாள். இடது தோள் சுரீர் என்றது. விடவில்லை. நிமிர்ந்து நின்றாள். கூடை அசையவே இல்லை.

"சிவா, பாத்துக்கோ! உன்ற அக்காளுக்குக் கை வராதுன்னு இனி எவஞ் சொல்லுவான்?"

அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"கை வராதுன்னுதானடா எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம்..." என்று இழுத்தாள் அம்மா.

"அதான் வந்துருச்சேம்மா!"

சிவக்குமார் எழுந்து வந்தான். அவள் தலையிலிருந்து கூடையை மெதுவாக இறக்கினான். வலிக்கும் தோள் பக்கம் விரல் படாமல், அவ்வளவு பதமாக. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், பாசம் வழிய வழியச் சொன்னான்.

"அதனால என்னக்கா? முழங்கால் வலின்னு சொல்லிக்கலாம்."