முதல் வாய்த் துவையல்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. கையில் இருக்கிற செல்போனைக் குப்புறப் போடுங்கள். ஒரு தட்டுச் சோறு ஆறிப்போன கதை சொல்கிறேன். சோறு ஆறுகிற நேரம்தான் ஆகும்.

இராயப்பன்பட்டி இருதயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு, பருப்பு, கத்தரிக்காய். ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கறிவேப்பிலைத் துவையல்.

"மொத வாய் தொவையலப் போட்டுப் பெசஞ்சு சாப்பிடுங்க" என்றாள் அவர் மனைவி செபஸ்தியம்மாள்.

தினமும் சொல்கிறதுதான். இன்றைக்கு இருதயம் நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

காரணம், ஒரு புத்தகம்.

இருதயமும் அவருடைய கூட்டாளி சின்னக்கருப்பும் ஊர் நூலகத்துப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கிறவர்கள். போன மாதம் தேனீ வளர்ப்பு. அதற்கு முந்தின மாதம் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒன்று. பக்கத்துப் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து விஞ்ஞானிகள் எதைத் தேடப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எடுத்தார்கள். இரண்டு பேருமே ஒன்பதாம் பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த மாதம், சூனியம், வசியம், இடுமருந்து என்று தலையணை மாதிரி ஒன்று.

பங்குச் சாமியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று இருதயம் அதற்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். சூனியத்துக்கு மேல் மாதா சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை திராட்சைப் பந்தலுக்கடியில் சின்னக்கருப்பு ஒரு பக்கத்தை மடக்கி அவர் கையில் கொடுத்தார்.

"ஏப்பா இருதயம், இதப் படி. எனக்கு நம்ம ஊர்ல ஒரு ஆளு நெனப்புத்தேன் வந்துச்சு. யாருன்னு சொல்ல மாட்டேன்."

புருஷனை அடக்கி வைக்கப் பெண்டாட்டி சோற்றில் வைக்கிற மருந்தைப் பற்றிய பக்கம் அது. மருந்து ஏறினவனுக்குக் கோபம் வராது. உண்டதும் கண் சொக்கும். வெளிச்சாப்பாடு தொண்டையில் இறங்காது. பெண்டாட்டி சொல்லுக்கு மறுசொல் இருக்காது. மருந்து எப்போதும் முதல் வாயில்தான் போகும்.

இருதயம் ஒவ்வொன்றாகத் தன்னோடு ஒட்டிப் பார்த்தார். எல்லாம் ஒட்டியது.

ஒரு காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடின மனுஷன் அவர். போன வாரம் பக்கத்துத் தோட்டத்து ராஜபாண்டியின் ஆடு இரண்டு திராட்சைக் கொடியை மொட்டையடித்தபோது, "பாவம், பசிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். வயது தந்த பக்குவம் என்று, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து ஐந்து நிமிடம் பேசவும் செய்தார்.

பக்குவமா, மருந்தா?

ஆடு போகட்டும். நாற்பத்தொரு வருடமாக இந்தப் பொம்பளையிடம் மனசாரத்தான் மயங்கிக் கிடக்கிறோம் என்று நினைத்திருந்தாரே, அதுவும் மருந்தா?

அந்த இடத்தில்தான், கண்ணுகளா, மனுஷனால் பொறுக்க முடியவில்லை.

துவையலில் ஒரு மிளகளவு கிள்ளிப் பூனைக்கு முன்னால் வைத்தார். பூனை மோந்து பார்த்தது. வாய் வைக்கவில்லை. நேரே நடந்துபோய் செபஸ்தியம்மாளின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

மோந்ததற்கே இப்படி.

"ஏ செபஸ்தி." தட்டைத் தள்ளி வைத்தார். "மறைக்காமச் சொல்லு. எனக்கு மருந்து வச்சியா?"

கரண்டி அப்படியே நின்றது. செபஸ்தியம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

"யாரு சொன்னாக?"

"புஸ்தகத்துல போட்ருக்கு."

"இதையெல்லாமா புஸ்தகத்துல போடுறாக?" என்றாள் அவள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "வச்சேந்தேன்."

இருதயம் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"எத்தன நாளா?"

"மூணு வருசமா. ஒரு நாள் விடல."

"அம்புட்டு அடங்காதவனாடி நானு?"

"அடங்காதது நீங்க இல்ல. ஒங்க பிரசரு."

அரிசிப் பானைக்குள் கையை விட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த சீட்டக் கிழிச்சு முல்லையாத்துல விட்டுட்டு, மாத்திரை திங்கிறவனெல்லாம் மனுசனான்னு ஊரு பூராம் பேசிட்டு வந்தீகல்ல? நர்சம்மாவக் கேட்டுத்தேன் நுணுக்கிப் போடுறேன். கசப்புத் தெரியக் கூடாதேன்னு தொவையலு."

இருதயம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாத்திரையே தொடாத ஆள் என்று ஊரில் இருந்த பெயர் போனது. ஆட்டை மன்னித்த பெருந்தன்மையும் அதன் பின்னாலேயே போனது. அவரோ அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவராகத் தெரியவில்லை. உதடு முணுமுணுக்க, விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப அதுக்கு முந்தின முப்பத்தெட்டு வருசம்?"

செபஸ்தியம்மாள் பூனையைக் காலால் மெல்ல ஒதுக்கினாள்.

"அதுக்கு நான் என்னத்தக் கண்டேன்? அது நீங்களா விழுந்தது."

இருதயம் துவையல் முழுவதையும் ஆறிப்போன சோற்றில் போட்டுப் பிசைந்து, முதல் வாய் வைத்தார்.

உங்கள் வீட்டிலும் மருந்து வைக்க ஒரு கை இருக்கட்டும், கண்ணுகளா. மருந்தில்லாமலே மயங்கிக் கிடக்க முப்பத்தெட்டு வருடமும் இருக்கட்டும்.