பாதிப் பச்சை ஜீப்

"வண்டிக்குப் பெயின்ட் அடிக்க வேற நாளே கெடைக்கலையா அந்தாளுக்கு? எழவு வீட்டுப் பக்கம் வரட்டும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்குறேன்!"

சுமன் போட்ட சத்தத்தில் தப்பு மேளம் அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"சும்மா இருடா மச்சான்" என்றான் சின்னத்தம்பி.

பெட்டிக்குள் கிடப்பது அவன் பொண்டாட்டி வீரம்மா. சுமனுக்குக் கூடப்பிறந்த அக்கா. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

முந்தாநாள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளைக் குளவி மொய்த்துக் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூப்பிட்ட ஆட்டோ கீழே பாலத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இருப்பதை ரோடு என்று சொல்வதே பாவம். அத்தனையும் கல்லும் பள்ளமும். அதில் ஏறி இறங்க அந்தத் தோட்டத்து டிவிசனிலேயே ஒரே ஒரு வண்டிதான் உண்டு. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தியின் ஜீப். அது அன்றைக்கு நோர்வூட் கராஜில் பெயின்டுக்கு நின்றது.

கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலம் வருவதற்குள் வீரம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மாமா, ஒங்களுக்குக் கோவமே வரலையா?" என்றான் சுமன்.

"நம்ம மக தனுஜாவுக்குப் பிரசவ வலி கண்டப்ப எதுலடா ஏத்திட்டுப் போனோம்? அவரு ஜீப்புலதானே? ஒரு சதம் வாங்குனாரா? அவரு வண்டி, அவரு பெயின்ட் அடிக்கிறாரு. அது குத்தமா?"

அந்த ஜீப் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஓட்டியது. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்ததைத் தலைவர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடியில் மல்லாந்து கிடந்து, தானே பாகம் பாகமாகப் பூட்டி எடுத்தார். அவர் பொண்டாட்டிகூட, "என்னைய இப்படி ஒருநாள் தொடச்சி வச்சிருப்பாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஜீப் ஓடத் தொடங்கிய பிறகு, ஞாயிறானால் ஹட்டன், தலவாக்கலைக் கூட்டாளிகள் எல்லாம் ஆளுக்கொரு பழைய ஜீப்போடு வந்துவிடுவார்கள். அந்தப் பள்ள ரோட்டில் யார் ஜீப் புதையாமல் ஏறுகிறது என்று போட்டி. லயத்து வீடுகளின் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"திட்டணும்னா, ரோடு போடுறோம்னு டேப்ப வச்சி அளந்துட்டுப் போனானுகளே, அவனுகளத் திட்டு" என்றான் சின்னத்தம்பி. "ஒங்க அக்காதானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா. 'பெரிய ரோடு வரப்போகுது'ன்னு என்னா சந்தோசம் அவளுக்கு! திரும்பி வந்தானுகளா படுபாவிக? அரசாங்கம் ஏமாத்திருச்சுன்னு தலைவரே வாய்விட்டுச் சொன்னாரு."

கீழே இஞ்சின் சத்தம் கேட்டது.

ஜீப் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் சுமன்கூட வாயை மூடிக்கொண்டான். ஒரு பக்கம் பளபளவென்று பச்சை. மறுபக்கம் பெயின்டே இல்லை, வெறும் தகரம். இஞ்சினை மூடும் பொனட்டும் இல்லை. அப்படியே பாதியில் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். இறங்கியவர் சின்னத்தம்பியைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"பாவிடா நானு! இன்னும் ஒரு கிழம பொறுத்திருக்கக் கூடாதா?"

"விடுங்க தலைவரே. அவ விதி. நீங்க என்ன செய்வீங்க?" பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"மயானம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பெட்டிய ஜீப்புல நான் கொண்டு போறேன். இதையாவது செய்யவிடு தம்பி."

சின்னத்தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"உசுரோட ஏத்தாத ஜீப்புல பொணமாத்தான் ஏத்தணுமா?" என்றான் சுமன்.

தலைவரோடு வந்திருந்த கராஜ்கார நிப்ராஸுக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பி, தெரியாமப் பேசாதீங்க. இந்த டிவிசன் மேல அண்ணனுக்கு எம்புட்டு உசுருன்னு எனக்குத் தெரியும். கொங்கிரீட் ரோட்டுக்கு அளந்தாங்களே, அப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'எங்க சனத்துக்கு என் ஜீப்பு இருக்கு. ரோட்ட வேற எடத்துக்குக் குடுங்க'ன்னு சொன்ன மனுசன்!"

"நிப்ராஸ்…" என்றார் தலைவர்.

சின்னத்தம்பியின் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது.

"இவரா வேணாம்னு சொன்னாரு?"

நிப்ராஸ் முழித்தான். நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். இப்போது எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

"இல்லண்ணே… நாங்க கூட்டாளிமாரும் அவருகிட்ட கேட்டுக்கிட்டோம்தான். கொங்கிரீட் போட்டா ஞாயித்துக்கெழமையில நாங்க ஜீப் ஏத்துறதுக்கு இந்த மாதிரி கல்லும் பள்ளமுமா ஒரு ரோடு வேற எங்க கெடைக்கும்னு…"



தலைவர் குனிந்த தலை குனிந்தபடியே நின்றார்.

சின்னத்தம்பி கையை எடுத்துக்கொண்டான். பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்று, "புடிங்கடா" என்றான். சுமன் ஓடிவந்து பிடித்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"தம்பி, ஜீப்பு…" என்றார் தலைவர்.

"வேணாங்க தலைவரே. நீங்க ஆசப்பட்டு வச்சிருக்க ரோடு. எங்களுக்கு அதுல தூக்கிட்டுப் போயித்தான் பழக்கம்."