துடைத்த கண்ணாடி

உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரிய மாரிக்கனிக்கு மலையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. டிரைவர் இல்லாமல் ஓடும், கட்டிலும் கக்கூசும் உள்ள வீட்டு வேன்களில் இருப்பதிலேயே மலிவானதைப் பிடித்து, புருஷன் சுயம்புவோடு தூத்துக்குடியிலிருந்து கிளம்பினாள்.

முன்னால் வந்தவர்கள் வேனை நாறடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வத்தலக்குண்டு வருவதற்குள் தரையைக் கூட்டி, கண்ணாடியைத் துடைத்து, கக்கூசையும் கழுவிவிட்டாள்.

"ஏளா, இன்னைக்காவது மகாராணி மாதிரி சும்மா உக்காந்து வாயேன்."

"இந்த நாத்தத்துல எந்த மகாராணி உக்காருவா? காலைத் தூக்கும், கூட்டணும்."

அவனுக்கும் கை சும்மா இருக்கவில்லை. ஆடிய கட்டில் காலை முடுக்கினான். வேனுக்குள்ளிருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தது.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வேன் நின்று பேசியது: "பயணிகள் இல்லை. துப்புரவுக்கு ஒருவர், பழுதுபார்க்க ஒருவர். வேலை முடிந்தது. வண்டி திரும்புகிறது."

"நாங்க டிக்கெட் எடுத்து வந்தவங்கய்யா!" என்று சுயம்பு கத்தினான்.

"பயணிகள் வேலை செய்வதில்லை" என்றது வேன்.

வேன் கடலைப் பார்த்து ஓடியது. பின்கண்ணாடியில் மலை பளிச்சென்று தெரிந்து, சிறுத்துக்கொண்டே போனது.

"நல்லாத்தாம்ளா தொடச்சிருக்க" என்றான் சுயம்பு.