தறிக்காரர் ரகசியம்

வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பவன் கலைஞனே அல்ல. உலகத்தை அலசுபவனே கலைஞன். நேற்றுதான் தன்னோடு காமெடி மேடையேறும் லோகப்பிரியாவின் ஜோக்குகளுக்கு இப்படித் தீர்ப்பு வழங்கிய மதன்குமார், கணபதிப் பகுதியில் ஒரு காபிக்கடை மேடையில் மூன்று நிமிடமாக உலக அரசியலை அலசுகிறான். மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. கண்ணாடி வழியே வரும் மத்தியான வெயில் அவன் நெற்றி வியர்வையில் மினுங்குகிறது. இன்று யாரும் சிரிக்காவிட்டால் மகனைக் கருமத்தம்பட்டித் தறி வேலைக்கே கூட்டிப்போவதென்று வந்த அப்பா, முன்வரிசையில் லோகப்பிரியாவின் காதருகே குனிகிறார். “ஏனம்மணி, காமெடி எப்ப ஆரம்பிக்கும்?” தறிச் சத்தத்தில் பழகிய குரல் எல்லோருக்கும் கேட்டுவிட, கடையே குலுங்கிச் சிரிக்கிறது. மதன் அது அடங்கும்வரை காத்திருந்து, மைக்கை வாயருகே இழுக்கிறான். “அவரு எங்கப்பாங்க. எங்க ஊட்டு ரகசியமெல்லாம் அவினாசி வரைக்கும் கேக்குமுங்க.” மேசைகளைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அத்தனை சத்தத்தையும் மிஞ்சி அப்பாவின் சிரிப்பு கேட்கிறது. மதன் லோகப்பிரியா பக்கம் திரும்பாமல், மெல்லத் தொடர்கிறான்: “எங்கம்மா இருக்காங்களே...”