கன்னிக்குப் பாவாடை

விளக்கின் முன் புதுப் பாவாடையும் வளையலும் வைத்தாள் இசக்கித்தாய்.

"இந்தச் சாமி யாரு?" என்றாள், பினாங்கிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பார்க்க வந்திருந்த எழுபது வயது மரகதம்.

"எங்க தாத்தாவோட தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னாலயே ஆத்தோட போயிட்டா. கன்னியாச் செத்ததால கும்பிடுதோம்."

மரகதம் பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்தாள். "இதையும் வைக்கலாமா?"

"ஐயோ, கன்னிக்குச் சேலை ஆகாதும்மா. பாவாடைதான்."

மரகதம் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, இசக்கித்தாய் கொடுத்த திருநீற்றை வாங்கினாள்.

அது அம்மாவின் சேலை. தோட்ட வேலை என்று பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டு, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் விடுதிக்கு விற்கப்பட்டவள் அம்மா. தப்பி, ஒருமுறை இதே வாசலுக்கு வந்து நின்றாள்.

"என் தங்கச்சி ஆத்துல செத்து சாமியாயிட்டா" என்று சொல்லி, அவள் அண்ணன் அவள் கையிலும் இந்தத் திருநீற்றைத்தான் கொடுத்து அனுப்பினார்.