முட்டுக் கொடுத்த கேக்

“இதைவிட மோசமா உங்ககிட்ட எதுவும் இல்லையா?”

பேக்கரிக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். “என்ன சார் கேட்டீங்க?”

“உங்க கேக் நல்லாயிருக்குங்க. ரொம்ப நல்லாயிருக்கு. அதான் பிரச்சினையே” என்றார் கணக்காளர், ருசி பார்க்கக் கொடுத்த துண்டை விழுங்கியபடி. “மெத்து மெத்துன்னு இருக்கு. போதாக்குறைக்கு இனிக்குது வேற!”

கூட நின்ற மைத்துனன் இன்னொரு துண்டை எடுத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் தட்டிப் பார்த்தான். சத்தமே வரவில்லை. உதட்டைப் பிதுக்கினான்.

“தேறாது மாமா. ‘டொக்’குனு கேக்கணும். வாங்க, அடுத்த கடைக்குப் போவோம்.”

“ரெண்டு பேரும் வெளியே போங்கய்யா!” பேக்கரிக்காரரின் குரல் தெருவரைக்கும் துரத்தி வந்தது. அந்தத் தெருவில் இது அவர்களைத் துரத்திய நாலாவது கடை.

கணக்காளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் அந்த நாயால வந்த வினை மாப்ளே.”

“நாய் என்ன பண்ணும்? கேக்கைத் தூக்கிட்டுப் போய் அது கண்ணுல படற மாதிரி ஏன் வச்சீங்க?”

“உன் அக்கா சாயந்திரம் டீக்கு வெட்டலாம்னு கேக்கை மேஜை மேல வச்சுட்டு, தையல்காரரைப் பார்க்கணும்னு கிளம்பிப் போனா. வாசக்கதவு காத்துல படார் படார்னு அடிச்சுது. கைக்குக் கிடைச்சதை முட்டுக் கொடுத்தேன்.”

“கேக்கையா?”

“செங்கல்லு தோத்துப் போச்சு, அப்படி நின்னுது! பக்கத்து வீட்டு நாய் வந்து கவ்விட்டுப் போயிடுச்சு.”

“தின்னுடுச்சா?”

“மோந்து பார்த்துச்சு. தோட்டத்துல குழி தோண்டிப் புதைச்சிடுச்சு.”

மைத்துனன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். “அக்கா வெந்நீர் வச்சாலே மணக்கும். கேக்குல மட்டும் ஏன் மாமா இப்படிக் கவுத்துட்டா?”

“யாருக்குத் தெரியும்? ‘நீங்க கடைப்பக்கமே போக வேண்டாம், இனிமே நானே செஞ்சு தரேன்’னா. முதல் துண்டைக் கடிச்சேன். ஒரே உப்பு. பல்லு ஆடிப் போச்சு. எதிர்ல நின்னு என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா. எப்படிச் சொல்ல மனசு வரும்? ‘பிரமாதம்’னேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன். அவளுக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சு.”

“சந்தோஷத்துலயா?”

“பின்னே? அன்னிலேர்ந்து வாராவாரம் கேக்குதான். வாரத்துக்கு வாரம் உப்பு ஏறிட்டே போகுது. பாவம், அவ்வளவு உற்சாகம்!”

“உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“இவ்வளவு நாளா நடிச்சேன்னு சொல்லவா? இல்லை, நாய்கூடத் தொடாம புதைச்சிடுச்சுன்னு சொல்லவா? நொறுங்கிப் போயிடுவா மாப்ளே. அவ திரும்பறதுக்குள்ள அதே மாதிரி ஒரு கேக் மேஜை மேல இருந்தாகணும்.”

அடுத்த கடைக்காரர் முந்தாநாள் மிஞ்சிய கேக் ஒன்றைத் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். மைத்துனன் தட்டினான். லேசாகச் சத்தம் வந்தது. இருவர் முகமும் மலர்ந்தது. கணக்காளர் ஒரு துண்டை வாயில் போட்டார். மலர்ந்த முகம் வாடியது.

“பழசே இவ்வளவு ருசியா இருக்கே!” என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு, இன்னொரு துண்டையும் எடுத்தார்.

“மாமா, தட்டிப் பார்த்தாலே தெரியுதில்ல? எதுக்கு முழுசாத் திங்கறீங்க? உங்களுக்கு சுகர் வேற!”

“உப்பு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” மீசையிலிருந்த கிரீமை நாக்கால் துழாவி எடுத்தார். “அந்தப் பக்கம் இருக்கிற ரோஸ் கலர்லயும் ஒண்ணு கொடுங்க. சந்தேகம் வேண்டாம்.”

தெருக்கோடியில் ஒரு சின்ன பேக்கரி. அதுதான் கடைசி. உள்ளே நுழைந்த கணக்காளர் அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்படியே நின்றுவிட்டார். அடுப்பறையின் கதவு காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஏதோ ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வட்டமாக, நடுவில் குழிந்து, ஓரம் கருகி.

“மாப்ளே... அங்க பாரு!”

ஓடிப் போய்க் குனிந்து எடுத்தார். கதவு படாரென்று மூடியது. தூசியை ஊதி, சுவரில் தட்டினார்.

டொக்!

ஓரத்தைக் கடித்தார். கண்ணில் நீர் கோர்த்தது. “அதே உப்பு மாப்ளே! அதே கருகல்! அச்சு அசல் உன் அக்கா கைப்பக்குவம்!”

“அய்யோ சார், துப்புங்க, துப்புங்க!” மாவுக் கையோடு பேக்கரிக்காரர் ஓடி வந்தார். “அது மனுஷங்க திங்கறதுக்கு இல்லை!”

“என்ன விலை வேணாலும் தரேங்க, இதை எனக்குக் கொடுங்க!”

“அது விக்கறதுக்கும் இல்லை சார். ஒரு அம்மா வாராவாரம் சொல்லிச் செய்யற கேக். எங்க அச்சு ரெட்டை அச்சு, ரெண்டாத்தான் வரும். ஒண்ணை அவங்க காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க, மிஞ்சினதைக் கதவுக்கு வச்சோம்.”

“இதைப் போய்க் காசு கொடுத்தா வாங்கறாங்க?” என்றான் மைத்துனன்.

“அவங்க வீட்டுக்காரருக்கு சுகராம். சொன்னாக் கேக்காம கண்ட பேக்கரியிலும் நுழைஞ்சு தின்னுடறாராம். கேக்குன்னாலே அவருக்கு வெறுத்துப் போகணுமாம். ‘மோசமாச் சமைக்க எனக்குக் கை வரலை, நீங்களே செஞ்சு கொடுங்க’ன்னு கேட்டுக்கிட்டாங்க. நாங்களும் வாரத்துக்கு வாரம் உப்பைக் கூட்டித்தான் பார்க்கறோம். அந்த மனுஷன் ‘பிரமாதம்’னு தட்டையே நக்கிடறாராம்!” பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டார். “இப்பதான் வந்து அழுதுட்டுப் போனாங்க சார், அடுத்த வாரத்துலேர்ந்து மிளகாய்த்தூள் போடச் சொல்லி.”